பிளாட்டன் என்றொரு ஊர்

ஸ்விட்சர்லாந்து வரைபடத்தில் பிளாட்டன் என்று தேடினால் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் வந்து நிற்கும். தட்டையான பாறை, மேடை போன்ற இடம் என்று பொருள் வரும் பழைய ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மலை நாட்டில் தட்டையாக ஒரு துண்டு நிலம் கிடைத்தால் அதற்குப் பெயர் வைக்காமல் விடுவார்களா? தெற்கே உள்ள வாலிஸ் மாநிலத்தில் மட்டுமே இந்தப் பெயரில் இரண்டு ஊர்கள். ஒன்று நாட்டர்ஸ் அருகே இருப்பது. இன்னொன்று லோட்ஷென்டால் என்ற பள்ளத்தாக்கின் கடைசியில் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பிளாட்டனைப் பற்றியது. "இருந்தது" என்று எழுதியது தட்டச்சுப் பிழை அல்ல. 2025 மே 28 அன்று பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் அந்த ஊரின் சுமார் 90 சதவீதம் பனிக்கட்டிக்கும் பாறைக்கும் அடியில் போய்விட்டது.

ஸ்விட்சர்லாந்து என்றாலே கடிகாரம், சாக்லேட், வங்கி என்று மூன்று வார்த்தைகளில் முடித்துவிடுவது உலக வழக்கம். சுமார் 300 பேர் வாழ்ந்த பிளாட்டனில் இந்த மூன்றும் பெரிதாக இல்லை. இருந்ததெல்லாம் கருத்துப்போன மரவீடுகள், ஒரு தேவாலயம், சில தங்கும் விடுதிகள், ஆடு மாடுகள், அப்புறம் மலை. அந்த மலையிலிருந்தே ஆரம்பிப்போம்.

லோட்ஷென்டால் சுமார் 27 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளத்தாக்கு. ரோன் நதியின் பெரிய சமவெளிக்கு வடக்கே, பெர்ன் ஆல்ப்ஸ் மலைகளுக்குள் ஒளிந்திருப்பது போல அமைந்தது. மேல் கோடியில் லாங் பனியாறு. பனியாறு என்றால் ஆண்டுக்கணக்கில் விழுந்து இறுகிய பனி, கட்டியாக மாறி, தன் எடையாலேயே மெதுவாகக் கீழ்நோக்கி நகர்வது. அதன் அடியிலிருந்து லோன்ஸா என்ற ஆறு பிறந்து, பள்ளத்தாக்கு முழுக்க ஓடி, கோப்பன்ஷ்டைன் என்ற இடத்தில் தெற்கே திரும்பி, குறுகலான மலையிடுக்கு வழியாக இறங்கி ரோன் நதியில் சேர்கிறது. பள்ளத்தாக்கின் வாய் அந்த இடுக்குதான் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்றே தெரியாது. வாயிலிருந்து உள்ளே போகப் போக ஃபெர்டன், கிப்பல், வீலர், பிளாட்டன் என்று நான்கு ஊர்கள். பிளாட்டன்தான் கடைசி, உயரமும் அதற்குத்தான் அதிகம். கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நான்கு ஊர்களையும் கூட்டினால் 1500 பேர் அளவுக்கு இருப்பார்கள்.

பள்ளத்தாக்கின் தென்புறம் பீட்ஷ்ஹோர்ன் என்ற சிகரம் 3934 மீட்டர் உயரத்துக்குக் கூம்பு போல நிற்கிறது. இதில் முதலில் ஏறியவர் லெஸ்லி ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர், 1859-ல். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அப்பா என்று சொன்னால் இலக்கிய மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணக்காரர்களுக்கு ஆல்ப்ஸ் சிகரங்களை எண்ணி எண்ணி ஏறுவது ஒரு பைத்தியம். உள்ளூர்க்காரர்களுக்கோ சிகரத்தின் உச்சியில் வேலை ஒன்றும் இல்லை. புல் முளைக்கும் உயரம் வரை போவார்கள், அதற்கு மேலே போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று தெரிந்தவர்கள். பீட்ஷ்ஹோர்னுக்கு முன்னால், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, கிளைனஸ் நெஸ்ட்ஹோர்ன் என்று ஒரு சின்ன சிகரம். அதற்குக் கீழே சரிவில் பிர்ஷ் என்ற பனியாறு. அதற்கும் கீழே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே பிளாட்டன். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பின்னால் வருவது எல்லாம் புரியும்.

பள்ளத்தாக்கின் வரலாறு ராஜா ராணி வரலாறு அல்ல. 15-ம் நூற்றாண்டிலிருந்து இவர்கள் மேல் வாலிஸில் இருந்த ஐந்து மாவட்டங்களுக்கு அடிமைப்பட்ட குடிகள். 1790-ல் பணம் கொடுத்துத் தங்கள் சுதந்திரத்தை வாங்கினார்கள்! புரட்சி, போர், கொடி எதுவும் இல்லை. விலை பேசி வாங்கிய விடுதலை. ஏழை மலைவாசிகளிடம் அதற்கான பணம் சேர எத்தனை தலைமுறை பிடித்திருக்கும் என்று யோசித்தால் அதுவும் போருக்குக் குறைந்த விஷயமாகத் தோன்றவில்லை. பணத்துக்கு ஒரு வழி, அந்தக் கால ஸ்விஸ் இளைஞர்கள் எல்லோரும் செய்த வேலை. வெளிநாட்டு அரசர்களுக்குக் கூலிப்படையாகப் போவது. அப்படிப் போனவர்கள் கொண்டுவந்த சிவப்பும் வெள்ளையுமான சீருடைகளை இந்தப் பள்ளத்தாக்கு தூக்கிப் போடவில்லை. இன்றும் கார்ப்பஸ் கிறிஸ்டி திருநாள் ஊர்வலத்தில் அந்த மாதிரி சீருடை அணிந்து அணிவகுத்து நடக்கிறார்கள். "கடவுளின் படைவீரர்கள்" என்று அவர்களுக்குப் பெயர். எந்த அரசனுக்காகவோ அணிந்த சட்டை கடைசியில் சாமிக்கு!

நீண்ட காலம் நான்கு ஊர்களுக்கும் ஒரே தாய்க் கோவில், கிப்பலில் உள்ள புனித மார்ட்டின் தேவாலயம். பிளாட்டன்காரர்கள் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் அங்கேதான் போக வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சரிவு விழுகிற வழியில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைக் கற்பனை செய்து பாருங்கள். பிற்பாடுதான் பிளாட்டனுக்குத் தனிப் பங்கு வந்தது.

வீடுகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது இங்கே வழக்கம். வெயிலும் பனியும் பட்டுப் பட்டு மரம் தேன் நிறத்திலிருந்து பழுப்பாகி, கடைசியில் கிட்டத்தட்டக் கறுப்பாகும். ஒரு வீட்டின் நிறத்தைப் பார்த்தே அதன் வயதை ஊகிக்கலாம். ரை என்ற தானியத்தைச் சேமிக்கும் களஞ்சியம் மட்டும் தரையைத் தொடாது. குட்டையான மரக்கால்களின் மேல் வட்டமான தட்டைக் கற்களை வைத்து, அதன்மேல் களஞ்சியத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். எலி காலில் ஏறும், ஆனால் தலைகீழாகத் தொங்கிக் கல்லின் விளிம்பைத் தாண்ட முடியாது. எளிமையான தொழில்நுட்பம், ஆனால் நூற்றாண்டுகளாக வேலை செய்தது. ரை ரொட்டியைப் பொது அடுப்பில் ஆண்டுக்குச் சில முறைதான் சுடுவார்கள். மாதக்கணக்கில் அது கல்லாக இறுகிக் கிடக்கும், வெட்டித் தின்பார்கள். விறகு மிச்சம்.

இந்த ரொட்டி ஒரு அமெரிக்கப் பல் மருத்துவரைப் பிரபலமாக்கியது தனிக்கதை. வெஸ்டன் பிரைஸ் என்பவர் 1931-லும் 1932-லும் லோட்ஷென்டாலுக்கு வந்து குழந்தைகளின் வாயைத் திறந்து பார்த்தார். சொத்தைப் பல் மிகக் குறைவு. பல் துலக்கும் பழக்கம்கூட இல்லாத பிள்ளைகள்! ரை ரொட்டி, பாலாடைக்கட்டி, பால் என்று உள்ளூர் உணவுதான் காரணம் என்று முடிவுகட்டி, 1939-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு முக்கிய இடம் கொடுத்தார். இங்கே போலீஸ்காரரும் இல்லை, சிறையும் இல்லை, இரண்டும் தேவைப்படவில்லை என்றும் வியந்து எழுதினார். அவருடைய முடிவுகளில் பலவற்றை இன்றைய மருத்துவ உலகம் ஏற்பதில்லை. சர்க்கரையும் மைதாவும் வந்தால் பல் போகும் என்பது சரி, அதிலிருந்து மனிதனின் குணம்வரை உணவால் விளக்குவது கொஞ்சம் ஓவர். ஆனாலும் இணையத்தில் உணவு வாதிகளின் பக்கங்களில் இந்தப் பள்ளத்தாக்கின் பெயர் இன்றும் அடிபடுகிறது. பாவம், அந்த மக்கள் வறுமையில் தின்றதை உலகம் ஆரோக்கிய உணவு என்கிறது.

பிப்ரவரியில் வந்தால் வேறு காட்சி. பிப்ரவரி 2 அன்று வரும் மெழுகுவர்த்தித் திருநாள் முடிந்ததிலிருந்து சாம்பல் புதனுக்கு முந்தைய நாள்வரை ட்ஷெகெட்டாக்கள் தெருவில் இறங்கும். ஊசியிலை மரத்தில் செதுக்கிய கோணல் வாய், மாட்டுப் பல், பிதுங்கிய கண் உள்ள முகமூடி. உடம்பில் ஆட்டுத்தோல், இடுப்பில் பெரிய மாட்டு மணி, கையில் கரி பூசிய கையுறை. அந்தி சாயும் நேரத்தில் மணிச்சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓட்டம் பிடிப்பார்கள். மாட்டிக்கொண்டால் முகத்தில் கரியோ பனியோ தேய்ப்பு நிச்சயம். முன்பு திருமணமாகாத வாலிபர்கள் மட்டும்தான் இந்த வேஷம் போடலாம். (காரணம் ஊகிக்கக் கடினமில்லை. எந்த வீட்டுப் பெண்ணைத் துரத்துகிறான் என்பது முகமூடிக்குள் இருக்கும்வரை தெரியாது.) இது எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. பள்ளத்தாக்கின் நிழல் பக்கத்தில் வாழ்ந்த திருடர்கள் இரவில் இப்படி வேஷம் போட்டு வந்து கொள்ளையடித்தார்கள் என்பது ஒரு கதை. குளிர்காலத்தை விரட்டும் பழைய சடங்கு என்பது இன்னொன்று. ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை முகமூடிக்காரர்கள் கூட்டமாக ஓடும் ஓட்டம் பிளாட்டனில் தொடங்கி ஃபெர்டனில் முடிவது மரபு. மேல் ஊரிலிருந்து கீழ் ஊருக்கு. பனியும் தண்ணீரும் போகும் அதே திசை.

பள்ளத்தாக்கை வெளியுலகத்தோடு இணைத்தது ரயில்தான். 1906-ல் லோட்ஷ்பெர்க் சுரங்கப்பாதை வேலை ஆரம்பமானது. அதற்கு இந்த மலைகள் வாங்கிய விலை அதிகம். 1908 பிப்ரவரி 29 அன்று கோப்பன்ஷ்டைனில் பனிச்சரிவு விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 24 அன்று, மறுபக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டு வந்தவர்கள் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் பாறை என்று நினைத்து வெடி வைத்த இடத்தில் சேறும் தண்ணீரும் உள்ளே பாய்ந்தது. 25 தொழிலாளர்கள் போனார்கள். பெரும்பாலும் இத்தாலியர்கள். நேராகப் போக வேண்டிய சுரங்கத்தை வளைத்துத் தோண்டி, 14.6 கிலோமீட்டர் நீளத்துக்கு முடித்து, 1913-ல் ரயில் விட்டார்கள். 2007-ல் அதற்கும் கீழே 34.6 கிலோமீட்டர் நீளத்தில் இன்னொரு அடிச் சுரங்கம் வந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு கொசுறு. 1897-ல் லோன்ஸா ஆறு ரோனில் சேரும் இடத்தருகே, கம்பல் என்ற ஊரில், ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆற்றின் பெயரையே வைத்தார்கள். மின்சாரத்திலிருந்து கார்பைடு, அதிலிருந்து உரம், பிறகு ரசாயனம், பிறகு மருந்து என்று வளர்ந்த அந்த லோன்ஸாதான் கொரோனா காலத்தில் மாடர்னா தடுப்பூசிக்கு மூலப்பொருள் செய்தது. பங்குச்சந்தைப் பட்டியலில் லோன்ஸா என்று பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அது பிளாட்டன் வாசல் வழியாக ஓடிய ஆறு என்று தெரியும்? தொழிற்சாலைகள் வந்த பிறகு பள்ளத்தாக்கின் ஆண்கள் காலையில் வேலைக்குக் கீழே போய் மாலையில் வந்து புல் அறுத்தார்கள். பாதித் தொழிலாளி, பாதி விவசாயி. பிறகு சுற்றுலா வந்தது. யுங்ஃப்ராவ் அலெட்ஷ் மலைப்பகுதி 2001-ல் உலக மரபுச் சின்னமானபோது பீட்ஷ்ஹோர்ன் பக்கமும் அதில் சேர்ந்தது.

இனி பிர்ஷ் பனியாறு.

உலகமெங்கும் பனியாறுகள் சுருங்குகின்றன. ஸ்விட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் தங்கள் கன அளவில் பத்து சதவீதத்தை இழந்தன. பிர்ஷ் மட்டும் விசித்திரமாக முன்னோக்கி வந்துகொண்டிருந்தது. காரணம் மேலே இருந்த கிளைனஸ் நெஸ்ட்ஹோர்ன். அந்தச் சிகரம் ஆண்டுக்கணக்காகப் பாறைகளை உதிர்த்துப் பனியாற்றின் மேல் கொட்டியது. கல் மூடிய பனி வெயில்படாமல் உருகுவது குறைகிறது. கூடவே பாரம் ஏறுகிறது. பாரம் ஏறினால் சரிவில் கீழ்நோக்கித் தள்ளும். ஆக, உருகாமல் நன்றாக இருக்கிறது என்று தோன்றிய பனியாறுதான் ஆபத்தானது. இந்தச் சரிவிலிருந்து ஏற்கெனவே பனி உடைந்து விழுந்ததுண்டு என்பதால் 1990-களிலிருந்தே இதைக் கண்காணித்து வந்தார்கள்.

2025 மே மாத நடுவில் சிகரம் வேகமாக நொறுங்க ஆரம்பித்தது. மே 17 அன்று ஊரின் ஒரு பகுதியைக் காலி செய்தார்கள். மே 19, திங்கட்கிழமை, எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 300 பேர். சில மணி நேரத்தில் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்களே அதிகம். இரண்டு மாற்றுத்துணியோடு போனவர்கள் கல்யாண ஆல்பத்தை எடுக்க நினைத்திருப்பார்களா என்ன? கால்நடைகளையும் விடவில்லை. 190 ஆடுகள் அளவுக்கும், 26 மாடுகளும், இருபது முயல்களும் வெளியே கொண்டுபோகப்பட்டன. அடிபட்டிருந்த ஒரு பசு ஹெலிகாப்டரில் தொங்கியபடி பறந்தது. அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. முதலில் எல்லோரும் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள்.

முதலில் எல்லோரும் பயந்தது மேலே இருந்த சிகரம் ஒரேயடியாக விழுமே என்று. அது ஒரேயடியாக விழவில்லை. துண்டு துண்டாக விழுந்தது, எல்லாம் பனியாற்றின் தலையில். பல லட்சம் கன மீட்டர் கல் ஏறி உட்கார்ந்ததும் பனியாறு ஒரு நாளைக்குப் பத்து மீட்டர் வேகத்தில் நகர ஆரம்பித்தது. சாதாரணமாகப் பனியாறு ஓர் ஆண்டில் போகும் தூரத்தை ஒரே நாளில் கடப்பது போல. மே 28, புதன்கிழமை, பிற்பகல். மொத்தமும் அவிழ்ந்தது. ஒரு நிமிடத்துக்குள் மலையடிவாரத்துக்கு வந்து, ஆற்றைத் தாண்டி, எதிர்ச் சரிவில் ஏறி நின்றது. மதிப்பீடு 90 லட்சம் கன மீட்டர் அளவு கல்லும் பனியும். ஸ்விஸ் நிலநடுக்க ஆய்வுக் கருவிகளில் அது 3.1 அளவு அதிர்வாகப் பதிவானது. அந்த வீடியோவில் முதலில் ஒரு தூசு மேகம் தெரியும். அது விலகியபோது ஊர் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பரப்பு. தேவாலயம், விடுதிகள், 19-ம் நூற்றாண்டிலிருந்து நின்ற ரீட் குக்கிராமத்து நெஸ்ட்ஹோர்ன் ஹோட்டல் எல்லாம் அதற்குள்.

மிச்சமிருந்த சில வீடுகளையும் விதி விடவில்லை. இடிபாடு லோன்ஸாவை அணை போலத் தடுத்தது. பின்னால் ஏரி தேங்கியது. தப்பிய வீடுகள் தண்ணீரில் மூழ்கின, சில கூரைகள் மிதந்தன. ஏரி ஒரேயடியாக உடைந்தால் கீழே கிப்பல், வீலர், அதற்கும் கீழே ரோன் சமவெளி ஊர்கள் எல்லாம் போகுமே என்று பயம். ஃபெர்டனில் உள்ள மின் அணையை முன்கூட்டியே காலி செய்து வைத்தார்கள், வந்தால் தாங்கிக்கொள்ளட்டும் என்று. நல்லவேளை, ஓரிரு நாளில் ஆறு இடிபாட்டின் மேலாகத் தானே மெதுவாக ஒரு வழி அறுத்துக்கொண்டது.

இத்தனையிலும் உயிரிழந்தவர் ஒருவர். காலி செய்த எல்லைக்கு வெளியே இருந்தவர். சில வாரங்கள் கழித்தே அவரது உடலின் மிச்சம் கிடைத்தது.

இந்த எண்ணிக்கையை வேறு எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1806 செப்டம்பர் 2 அன்று கோல்டாவ் ஊரின் மேல் மலை சரிந்தபோது 457 பேர் செத்தார்கள். 1881-ல் எல்ம் ஊரில் சிலேட்டுப் பலகைக்காக மலையின் அடியைக் குடைந்துகொண்டே போனார்கள். பாறை உதிர்ந்துகொண்டிருந்தும் ஊரைக் காலி செய்யவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். பிளாட்டனில் 300 பேர் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல. மலையைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட சிலர், கேமராக்கள், ரேடார், அதோடு "கிளம்புங்கள்" என்று சொன்னதும் வாதாடாமல் கிளம்பிய மக்கள். இந்தக் கடைசிக் காரணம் லேசானதல்ல. கிழக்கே பிரியன்ஸ் என்ற ஊரை 2023 மே மாதம் காலி செய்தார்கள். ஜூனில் மலை சரிந்து, ஊருக்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டது! மக்கள் திரும்பினார்கள். 2024 நவம்பரில் மறுபடியும் காலி. வீடு அப்படியே நிற்க, அதற்குள் போக முடியாமல் வாழ்வதும் ஒரு தண்டனைதான். முன்னெச்சரிக்கை பலித்தால் யாரும் சாகவில்லை, பலிக்காவிட்டால் "இதற்காகவா கிளப்பினீர்கள்" என்ற கேள்வி. அதிகாரி எந்தப் பக்கம் போனாலும் திட்டு.

எல்லாம் பருவநிலை மாற்றத்தால்தானா? உயர்ந்த மலைகளில் பாறை விரிசல்களுக்குள் நிரந்தரமாக உறைந்திருக்கும் பனி ஒரு பசை மாதிரி. வெப்பம் ஏறினால் பசை இளகும். கிளைனஸ் நெஸ்ட்ஹோர்ன் நொறுங்கியதில் இதற்குப் பங்கு இருக்கும் என்றுதான் விஞ்ஞானிகளில் பலர் கருதுகிறார்கள். ஆனால் பருவநிலை மாறாவிட்டால் இந்த மலை விழுந்தே இருக்காது என்று அடித்துச் சொல்ல அவர்கள் தயங்குகிறார்கள். மலைகள் எப்போதும் விழுந்தே வந்திருக்கின்றன, கோல்டாவ் விழுந்தபோது ஊரில் கார் ஏது? தொலைக்காட்சி விவாதங்களில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகமே இருப்பதில்லை.

பணத்துக்கு வருவோம். ஸ்விஸ் காப்பீட்டுச் சங்கம் இந்த அழிவின் காப்பீட்டு இழப்பை சுமார் 32 கோடி பிராங்க் என்று மதிப்பிட்டது. முந்நூறு பேர் ஊருக்கு இது எப்படிக் கிடைக்கும்? இங்கேதான் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. அந்நாட்டின் 26 மாநிலங்களில் 19-ல் கட்டடக் காப்பீடு அரசு நிறுவனத்தின் கையில். மீதி ஏழில், வாலிஸ் உட்பட, தனியார் கம்பெனிகள். ஆனால் தனியார் என்றாலும் வெள்ளம், புயல், ஆலங்கட்டி, பனிச்சரிவு, பாறைச்சரிவு என்று ஒன்பது வகை இயற்கைச் சேதத்துக்குத் தீக் காப்பீட்டோடு சேர்த்தே காப்பு கொடுக்க வேண்டும், விகிதமும் எல்லோருக்கும் ஒன்றே என்று சட்டம். ஜெனீவாவில் சமதரையில் அடுக்குமாடியில் இருப்பவரும், பனியாற்றுக்கு எதிரே வீடு வைத்திருப்பவரும் அந்தப் பங்குக்கு ஒரே விகிதத்தில்தான் பிரீமியம் கட்டுகிறார்கள். கம்பெனிகளும் இழப்பைத் தங்களுக்குள் ஒரு பொதுக் குளத்தில் போட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. ஆபத்துக்கேற்ற விலை என்ற பாடப்புத்தக விதிக்கு இது நேர் எதிர். பாடப்புத்தகப்படி போயிருந்தால் பிளாட்டன்காரருக்குக் காப்பீடே கிடைத்திருக்காது, அல்லது வாங்கும் விலையில் இருந்திருக்காது. (நிலநடுக்கம் மட்டும் இந்த ஒன்பதில் இல்லை என்பது இன்னொரு வேடிக்கை.) இதோடு மத்திய அரசு 50 லட்சம் பிராங்க் உடனடி உதவி, மாநிலம் ஒரு கோடி, பொதுமக்கள் நன்கொடை என்று பணம் வந்தது.

வந்ததும் கூடவே கேள்வியும் வந்தது. முந்நூறு பேருக்காக இத்தனை கோடியா? அதே பணத்துக்கு அவர்களைச் சமவெளியில் குடியேற்றினால் ஆகாதா? நகரத்துப் பத்திரிகைகளில் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள். கணக்குப் போட்டால் கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் மேல் ஊர் காலியானால் அடுத்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை குறையும், பிறகு கடை மூடும், பிறகு பேருந்து நிற்கும் என்ற வரிசை எங்கேயும் எழுதப்படுவதில்லை. மேய்ச்சல் நிற்கும் சரிவுகளை யார் பார்த்துக்கொள்வது என்பதும் இல்லை. அது போகட்டும், சமவெளி மட்டும் பத்திரமா? ரோன் நதி வெள்ளத்தில் மிதந்த ஊர்களைக் கேட்டால் சொல்லும்.

ஊர்த்தலைவர் மத்தியாஸ் பெல்வால்ட், ஊர் போனாலும் மனம் போகவில்லை என்ற பொருளில் அன்றே பேசினார். மீட்புப் பணிகளுக்கு நடுவிலேயே திட்டமும் போட ஆரம்பித்தார்கள். 2030 வாக்கில் புது பிளாட்டன் என்று இலக்கு. சரிவுக்கு மேலே தப்பி நிற்கும் வைசன்ரீட், ஐஸ்டன் போன்ற குக்கிராமங்களுக்கு முதலில் சாலையும் தண்ணீரும் மின்சாரமும், அதன் பிறகு ஊரின் நடுப்பகுதி. வெளியேறியவர்களில் பலருக்குப் பக்கத்து வீலர் இடம் கொடுத்தது. அந்த வீலர் 1900-ல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி கட்டப்பட்ட ஊர்.

கட்டுவதற்கு முன் ஒரு சின்னச் சிக்கல், யாருடைய நிலம் எது என்பது. வாரிசுக்கு வாரிசு பிரித்துப் பிரித்து, கைக்குட்டை அளவுத் துண்டுகளாகப் போன நிலங்கள் இந்த மலை ஊர்களில் சர்வசாதாரணம். இப்போது அவை எல்லாம் பல மீட்டர் ஆழத்தில். எல்லைக்கல்லும் இல்லை, வேலியும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. ஸ்விஸ் உரிமையியல் சட்டத்தின் 660-வது பிரிவு இப்படி ஒரு நாளை எதிர்பார்த்தது போல இருக்கிறது. ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்கு மண் சரிந்து போனால் அதனால் எல்லை மாறாது என்கிறது அது. அதன்படி, பதிவேட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே பழைய பெயர்கள் அப்படியே இருக்கின்றன. சொந்தக்காரர் தன் காய்கறித் தோட்டத்துக்கு இன்னமும் சொந்தக்காரர்தான். மேலே பீட்ஷ்ஹோர்ன் மலைத்தொடரின் ஒரு பகுதி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.